கொலையாளி கிடைக்கும் வரை: ஸ்லோ பர்ன் துப்பறியும் படங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு கொலை நடக்கிறது. துப்பறியும் அதிகாரி வருகிறார். படம் தொடங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சத்தம் இல்லை, திருப்பம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதிகாரி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார், நாலு கேள்வி கேட்கிறார், குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார், அடுத்த வீட்டுக்குப் போகிறார். இந்த வகைப் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்களில் பலர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். “இன்னும் கதையே ஆரம்பிக்கலையே” என்று தோன்றும்.

கதை ஆரம்பித்துவிட்டது. அந்த வீடுகளில் ஏதோ ஒன்றில், பதில் சொல்வதற்கு முன்னால் ஒருவர் ஒரு நொடி தயங்கியிருப்பார். அதிகாரி அதைக் கவனித்திருக்க மாட்டார், நாமும் கவனித்திருக்க மாட்டோம். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தத் தயக்கம் நினைவுக்கு வரும்போது வயிற்றைப் பிசையும். ஸ்லோ பர்ன் என்று சொல்லப்படும் குற்றப் படங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. பதற்றத்தை ஒரே காட்சியில் கொட்டிவிடாமல், பார்ப்பவருக்குத் தெரியாமலே சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டு போகின்றன.

எனக்கு இந்தப் படங்கள் மிகவும் பிடிக்கும். நல்ல கதைக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு குறையாக இவற்றின் நிதானத்தை நான் நினைப்பதில்லை. ஒரு கொலை விசாரணை எவ்வளவு காலத்தைத் தின்கிறது, அந்தக் காலம் விசாரிப்பவரை என்ன செய்கிறது என்பதுதான் இவற்றின் உண்மையான கதை. கொலை அதற்கு ஒரு தொடக்கம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். முடிவுகளைப் போட்டு உடைக்காமல் எழுதப் பார்க்கிறேன். ஆனால் சில படங்களின் போக்கைச் சொல்லாமல் விளக்க முடியாது.

புதிர் ஒரு பக்கம், விசாரணை ஒரு பக்கம்

துப்பறியும் கதைக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. எட்கர் ஆலன் போ 1841-ல் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து அந்த வகை தொடங்குவதாகப் பொதுவாகச் சொல்வார்கள். பூட்டிய அறைக்குள் கொலை, போலீஸுக்குப் பிடிபடாத தடயங்கள், எல்லாவற்றையும் யோசித்தே அவிழ்த்துவிடும் ஒரு கூர்மையான மனிதர். பின்னால் வந்த எத்தனையோ கதைகள் இந்தத் தடத்தில்தான் போயின. கடைசியில் சந்தேகப்படும் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, துப்பறிவாளர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துச் சொல்வார்.

அந்த வடிவத்தில் காலத்துக்குப் பெரிய வேலை இல்லை. கேள்விக்கும் விடைக்கும் நடுவிலுள்ள தூரம்தான் அது. துப்பறிவாளரும் மாறுவதில்லை. வந்தபோது எப்படி இருந்தாரோ, போகும்போதும் அப்படியே இருப்பார். வாசகர் அவரோடு போட்டி போட்டு விடையைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார். அது ஒரு நல்ல விளையாட்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஸ்லோ பர்ன் படம் அந்த விளையாட்டுக்கு நம்மை அழைப்பதில்லை. சில படங்கள் ‘யார் கொன்றது’ என்ற கேள்வியை முதலிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிடுகின்றன. ஃப்ரிட்ஸ் லாங் 1931-ல் எடுத்த ‘எம்’ என்ற ஜெர்மன் படத்தில் குழந்தைகளைக் கொல்பவன் யார் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரு நகரம் முழுக்க, போலீஸும் குற்றவாளிகளும் சேர்ந்தாற்போல், அவனை எப்படித் தேடுகிறது என்பதைத்தான் படம் பின்தொடர்கிறது. பேசும் படம் வந்து சில வருடங்களே ஆகியிருந்த நேரத்தில், கொலையாளி சீட்டியடிக்கும் ஒரே மெட்டைக் கொண்டு லாங் பயத்தை உண்டாக்கினார். ஆள் திரையில் இல்லாவிட்டாலும் மெட்டு கேட்டால் போதும்.

நூரி பில்கே ஜெய்லான் 2011-ல் எடுத்த ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அனடோலியா’ என்ற துருக்கியப் படம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் கொலையை ஒப்புக்கொண்டவன் தொடக்கத்திலேயே போலீஸ் காருக்குள் உட்கார்ந்திருக்கிறான். பிணத்தைப் புதைத்த இடம்தான் அவனுக்குச் சரியாக நினைவில்லை. ஒரு நீரூற்று இருந்தது, ஒரு மரம் இருந்தது என்கிறான். அந்த நிலப்பரப்பில் நீரூற்றுகளும் மரங்களும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. போலீஸ், அரசு வழக்கறிஞர், மருத்துவர், தோண்டுவதற்கான ஆட்கள் என்று மூன்று வண்டிகள் இரவெல்லாம் அலைகின்றன. கதை என்று கேட்டால் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

உண்மை விசாரணையின் வேகம்

இப்படி மெதுவாக எடுப்பதற்கு ஓர் எளிய காரணம், உண்மையான கொலை விசாரணை மெதுவானது என்பது. வாக்குமூலம் வாங்க வேண்டும், அதை இன்னொரு வாக்குமூலத்தோடு ஒப்பிட வேண்டும், பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கும் தடயவியல் முடிவுக்கும் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான தடயங்கள் எங்கும் கொண்டுபோய் விடாது. சராசரி படம் இந்தக் காத்திருப்பை வெட்டி எறிந்துவிடும். ஸ்லோ பர்ன் படம் காத்திருப்பையே காட்சியாக்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம், போங் ஜூன்-ஹோ 2003-ல் எடுத்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’. தென்கொரியாவில் ஹ்வாசோங் என்ற கிராமப்புறப் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். படம் அந்த வழக்கை அடிப்படையாகக் கொண்டது. படம் வந்தபோது கொலையாளி யார் என்று யாருக்கும் தெரியாது.

படத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு நீளமான ஷாட் வருகிறது. வயலில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. ஊரே வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது, குழந்தைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள். உள்ளூர் அதிகாரி ஒரு காலடித் தடத்தைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு, யாரும் மிதிக்கக் கூடாது என்று கத்துகிறார். தடயவியல் ஆட்கள் இன்னும் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிராக்டர் அந்தத் தடத்தின் மேல் ஏறிப் போகிறது. இவ்வளவும் ஒரே ஓட்டத்தில், கட் இல்லாமல். வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் டிராக்டர் ஒரு விபத்தாகத் தெரிந்திருக்கும். வெட்டாததால் அந்த இடத்தின் ஒழுங்கின்மை முழுக்க நம் கண்முன்னால் விரிகிறது. இந்த வழக்கு ஏன் முடியப்போவதில்லை என்பதற்கான பதில் அந்த ஒரே ஷாட்டில் இருக்கிறது, ஆனால் பார்க்கும்போது அது தெரியாது.

அப்புறம் அதிகாரிகள். உள்ளூர் அதிகாரி தன் கண்ணை நம்புகிறவர். முகத்தைப் பார்த்தாலே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்கிறார். தலைநகர் சியோலிலிருந்து வரும் இளம் அதிகாரி காகிதத்தை நம்புகிறவர். ஆவணங்கள் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அடித்து வாக்குமூலம் வாங்கும் வழக்கத்தைக் கண்டு அவர் அருவருப்படைகிறார். படம் போகப் போக இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அமைதியானவர் கைநீட்டத் தொடங்குகிறார், அடித்துப் பழகியவர் தயங்கத் தொடங்குகிறார். இந்த மாற்றம் எந்தக் காட்சியில் நடந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. காட்ட முடியாமல் இருப்பதில்தான் இந்த வகையின் பலம் இருக்கிறது. ஒரு மனிதர் உடைவதை ஒரே வசனத்தில் சொன்னால் நாம் தகவலாக எடுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம் அவரோடு மழையில் நின்றால் நம்முடைய பொறுமையும் அவருடையதோடு சேர்ந்தே தேய்கிறது.

மழையைச் சொன்னேன் அல்லவா, அதையும் கவனியுங்கள். மழை பெய்யும் இரவுகளில்தான் கொலை நடக்கிறது என்று படத்தின் ஒரு கட்டத்தில் தெரியவரும். அதன் பிறகு கொலையாளியைக் காட்டத் தேவையே இல்லை. ஜன்னலில் முதல் துளி விழுந்தாலே நம் உடம்பு இறுகிவிடும். ஓர் இரவு, கொலை நடக்கலாம் என்று ஊகித்து அதிகாரிகள் கூடுதல் படை கேட்கிறார்கள். போராட்டத்தை அடக்கப் போயிருப்பதால் ஆள் இல்லை என்று பதில் வருகிறது. அன்றைய கொரியாவின் ராணுவப் பின்னணி கொண்ட ஆட்சியைப் பற்றி ஒரு சொற்பொழிவும் இல்லாமல், அந்த ஒரு தொலைபேசிப் பேச்சு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

டி.என்.ஏ. மூலம் ஆளை அடையாளம் காணும் முறை பிரிட்டனில் 1984-ல்தான் கண்டறியப்பட்டது. படத்தில் வரும் அதிகாரிகளுக்கு அந்த வசதி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மாதிரியை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு கடிதம் வருமா, அதில் என்ன எழுதியிருக்கும் என்பது ஒரு கிளைமாக்ஸின் மொத்த எடையையும் தாங்குகிறது.

படத்துக்கு வெளியே இந்த வழக்குக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 2019-ல், பாதுகாத்து வைத்திருந்த தடயங்களை மீண்டும் டி.என்.ஏ. பரிசோதனை செய்ததில் ஆள் பிடிபட்டார். 1994-ல் செய்த இன்னொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தவர் அவர். ஹ்வாசோங் வழக்குகளுக்கான சட்டபூர்வக் காலவரம்பு 2006-லேயே முடிந்துவிட்டிருந்ததால் அவற்றுக்காக அவர்மேல் வழக்குத் தொடர முடியவில்லை. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்த வேறொருவர், 2020-ல் மறு விசாரணையில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். அடித்து வாங்கும் வாக்குமூலங்களைப் படம் ஏன் அவ்வளவு நேரம் காட்டியது என்று யாராவது கேட்டால், இந்தத் தகவலைத்தான் நான் சொல்வேன்.

ஒரே காட்சி, இரண்டு விதம்

சரி, நிதானம் என்பது திரையில் எப்படி உருவாகிறது? ஒரு கற்பனைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். காணாமல் போன பெண் இறந்துவிட்டாள் என்று அவள் அம்மாவிடம் சொல்ல அதிகாரி வீட்டுக்குப் போகிறார்.

வேகமான படத்தில் கதவு திறக்கும். அதிகாரியின் முகம், அம்மாவின் முகம், ஓர் அலறல், கட். அடுத்த காட்சியில் சந்தேக நபரின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். முப்பது நொடி வேலை.

ஸ்லோ பர்ன் படத்தில் கதவு திறந்ததும் அம்மா அவரை வேறு யாரோ என்று நினைத்து உள்ளே வரச் சொல்வார். நாற்காலியில் கிடக்கும் துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொல்வார். அதிகாரி வாயெடுக்கும் நேரத்தில் தொலைபேசி அடிக்கும். அம்மா எடுத்து, “அப்புறம் கூப்பிடுகிறேன், யாரோ வந்திருக்கிறார்கள்” என்பார். மாடிப்படியில் ஒரு சிறுவன் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். கேமரா நகராது. அதிகாரி கடைசியில் சொல்லிவிடுவார். அம்மா “எங்கே?” என்று கேட்பார். எப்படி என்று கேட்கவே மாட்டார்.

இந்த நாலு நிமிடத்தில் கதை ஓர் அங்குலமும் நகரவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் அப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சிறுவனுக்கு எல்லாம் தெரியும் என்பது தெரிந்துவிட்டது. ‘எப்படி’ என்று அம்மா கேட்காதது அதிர்ச்சியாலா, இல்லை வேறு காரணத்தாலா என்ற கேள்வி முளைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்துபோனவள் ஒரு வீட்டின் பெண் என்பது மனசில் பதிந்துவிட்டது. இனி வரும் ஒவ்வொரு தடயத்துக்கும் அவளுடைய கனம் உண்டு.

காட்சியை நீட்டுவதற்கான கருவிகளில் முக்கியமானது எடிட்டிங். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்து பார்த்தார். 1930 முதல் 1960 வரை பெரும்பாலும் 8 முதல் 11 நொடிகள் இருந்தது, நூற்றாண்டின் இறுதியில் 3 முதல் 6 நொடிகளாகச் சுருங்கிவிட்டது. நம் கண்கள் அந்த வேகத்துக்குப் பழகியவை. ஒரு ஷாட் இருபது, முப்பது நொடி நின்றால் ஒருவித அசௌகரியம் வருகிறது. ‘ஏன் இன்னும் வெட்டவில்லை, இதில் நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்?’ என்று கண் தேடத் தொடங்குகிறது. அந்தத் தேடல்தான் படத்துக்கு வேண்டியது. நம்மையும் விசாரணை அதிகாரி பார்க்கிற மாதிரி பார்க்கவைக்கிறது.

அடுத்தது ஒலி. பின்னணி இசை எப்போது பயப்பட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கும். அதை எடுத்துவிட்டால் அந்த உதவி போய்விடும். அறையில் ஓடும் மின்விசிறி, மேல்மாடியில் யாரோ நடக்கும் சத்தம், இவை பெரிதாகக் கேட்கும். டேவிட் ஃபின்சரின் ‘ஸோடியாக்’ படத்தில் ஒருவர் ஒரு வீட்டின் நிலவறைக்குள் இறங்கும் காட்சி இருக்கிறது. யாரும் யாரையும் தொடுவதில்லை. மேலே பலகை கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான். திரையில் நான் பார்த்த மிகவும் பயங்கரமான காட்சிகளில் அது ஒன்று.

இருட்டும் மழையும் இந்தப் படங்களில் நிறைய வரும் என்பது உண்மைதான். ஆனால் கட்டாயம் என்று நினைத்துவிடக் கூடாது. 1997-ல் வந்த ‘இன்சோம்னியா’ என்ற நார்வே படம் சூரியன் மறையாத வடதுருவக் கோடையில் நடக்கிறது. அதிகாரிக்குத் தூக்கம் வருவதில்லை. எந்தத் திரைச்சீலையைப் போட்டு மூடினாலும் வெளிச்சம் உள்ளே வந்துவிடுகிறது. செய்த காரியத்தை ஒளிக்க நினைக்கும் மனிதருக்கு அதைவிடக் கொடுமையான இடம் இல்லை.

வருடங்கள் ஓடும்போது

2007-ல் வந்த ‘ஸோடியாக்’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலத்தை நேரடியாகவே கதையாக்கிய படம் அது. 1968, 1969 ஆண்டுகளில் வடக்குக் கலிஃபோர்னியாவில் ஐந்து பேரைக் கொன்று, பத்திரிகைகளுக்குக் கடிதமும் சங்கேத எழுத்தும் அனுப்பிய ஒருவனைப் பற்றியது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கொலைக் காட்சிகள் முதல் பகுதியிலேயே முடிந்துவிடும். மீதி முழுக்கக் கோப்புகள், தொலைபேசி, கையெழுத்து ஒப்பீடு. சம்பவங்கள் வெவ்வேறு காவல் எல்லைகளில் நடந்தவை. ஒரு நிலையத்தில் இருக்கும் தாள் இன்னொரு நிலையத்துக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

நடுவில் ஒரு வானளாவிய கட்டடம் திரையில் மாடி மாடியாக எழுந்து நிற்கும். சான் ஃபிரான்சிஸ்கோவின் டிரான்ஸ்அமெரிக்கா பிரமிட் அது. சில நொடிகளில் வருடங்கள் கடந்துவிட்டன என்று புரிகிறது. ஒரு நகரம் ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்துவிட்டது, வழக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்னோர் இடத்தில் திரை முழுக்கக் கறுப்பாகி, வானொலிச் செய்திகளும் பாட்டுகளும் மட்டும் கேட்கும். அதிலும் வருடங்கள் போகின்றன. முதலில் வழக்கை எடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். குடிக்குப் போகிறவர், வேறு வேலைக்குப் போகிறவர், சோர்ந்துபோகிறவர். கடைசியில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது போலீஸே இல்லை, ஒரு பத்திரிகையின் கார்ட்டூன் ஓவியர். அவர் குடும்பம் அவரை விட்டு நழுவுவதைப் படம் கத்தாமல் காட்டுகிறது.

அந்தக் கொலையாளி அனுப்பிய 340 எழுத்துகள் கொண்ட சங்கேதச் செய்தி உண்மையில் 2020-ல்தான் உடைக்கப்பட்டது. அனுப்பப்பட்டு 51 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குள்ளும் அவன் பெயர் இருக்கவில்லை.

விடை கிடைக்காத முடிவுகள்

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கொலையாளி யார் என்று உறுதியாகச் சொல்லாமல் படம் முடிந்தால் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றும். நியாயமான கோபம்தான். ஆனால் எல்லா ஸ்லோ பர்ன் படங்களும் அப்படி முடிவதில்லை, பல படங்கள் தெளிவாகவே விடை சொல்கின்றன. சொல்லாத படங்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

சுவிஸ் எழுத்தாளர் ஃப்ரீட்ரிஷ் டூரன்மாட் இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர். 1958-ல் வந்த ஒரு படத்துக்கு அவர் திரைக்கதையில் பங்களித்தார். அதில் அதிகாரி திட்டம் போட்டுக் கொலையாளியைப் பிடித்துவிடுவார். அந்த முடிவு டூரன்மாட்டுக்கு நிறைவளிக்கவில்லை. அதே கதையை அதே ஆண்டில் ‘வாக்குறுதி’ என்ற பொருள் தரும் தலைப்பில் நாவலாக எழுதினார், துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா என்று துணைத் தலைப்பும் வைத்தார். அதிகாரியின் கணக்கெல்லாம் சரியாக இருந்தும், உலகம் கணக்குப்படி நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதே நாவலின் கேள்வி. 2001-ல் ஷான் பென் அந்த நாவலைப் படமாக்கினார். நாவலின் அந்தக் கேள்வியைத்தான் இன்றுவரை பல ஸ்லோ பர்ன் படங்கள் சுமந்துகொண்டிருக்கின்றன. எவ்வளவு திறமையாக, எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும் விடை கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அது தெரிந்த பிறகும் ஒருவர் மறுநாள் காலையில் கோப்பைத் திறக்கிறார் என்றால், அவர் எப்படிப்பட்ட மனிதர்?

டொமினிக் மோல் 2022-ல் எடுத்த ‘லா நுயி டு 12’ என்ற பிரெஞ்சுப் படம் ஒளிவுமறைவே இல்லாமல் தொடங்குகிறது. பிரான்சில் ஆண்டுக்கு 800-க்கும் அதிகமான கொலை வழக்குகள் பதிவாகின்றன, ஏறத்தாழ 20 சதவீதம் தீர்வதில்லை, இது தீராத ஒன்று என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். இளம்பெண் ஒருத்தி இரவில் வீட்டுக்கு நடந்து போகும்போது கொல்லப்படுகிறாள். விடை வராது என்று தெரிந்தே நாம் பார்க்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு சந்தேக நபர் வரும்போதும் ‘இவனாக இருக்குமோ’ என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதுதான் ஆச்சரியம்.

அந்தப் படத்தை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொலை விசாரணைப் படங்களில் இறந்துபோனவள் பெரும்பாலும் ஓர் உடலாக, அழகாக ஒளியூட்டிய ஒரு பிம்பமாக மட்டுமே இருப்பாள். இது இந்த வகையின் பழைய நோய், நிதானமாக எடுப்பதால் மட்டும் அது போய்விடாது. மோலின் படத்தில் அதிகாரிகள் அவள் யார் யாரோடு பழகினாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவள் தோழி உடைந்துபோய், அவள் பெண் என்பதால்தான் கொல்லப்பட்டாள் என்கிறாள். கேள்வி கேட்டவரின் முகத்தில் கேமரா நிற்கிறது. விசாரணையே ஒரு தவறைச் செய்துகொண்டிருக்கலாம் என்பதை அந்த நொடி அவர் முதன்முறையாக உணர்கிறார். ஓர் அதிவேகப் படத்தில் அந்தத் தோழிக்கு இரண்டு வரி வசனம் கிடைத்திருந்தாலே அதிகம்.

மெதுவான படமெல்லாம் ஸ்லோ பர்ன் ஆகாது

இதைச் சொல்லாமல் விட்டால் பாரபட்சம் ஆகிவிடும். ஒன்றும் நடக்காமல் நீள்கிற படங்களும் இந்தப் பெயரில் வருகின்றன. சோகமான முகத்தோடு அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார், சாம்பல் நிறத்தில் எல்லாம் தெரியும், யாரும் தெளிவாகப் பேச மாட்டார்கள். அது பாவனை.

வித்தியாசம் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். ஒரு நீளமான காட்சி முடிந்ததும், அதற்கு முன்பு எனக்குத் தெரியாதது எது இப்போது தெரிகிறது என்று கேட்டுக்கொள்வேன். அது தடயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரைப் பற்றிய அபிப்பிராயம் மாறியிருக்கலாம், ஓர் இடம் முன்பைவிட அச்சமூட்டுவதாக ஆகியிருக்கலாம், முன்பு நம்பிய ஒரு வாக்குமூலத்தின் மேல் சந்தேகம் வந்திருக்கலாம். ஏதாவது ஒன்று நகர்ந்திருந்தால் படம் உயிரோடு இருக்கிறது. மூன்று, நாலு நீளமான காட்சிகளுக்குப் பிறகும் எதுவும் நகரவில்லை என்றால், தவறு பார்ப்பவரிடம் இல்லை. தயங்காமல் நிறுத்திவிடலாம்.

அனடோலியா படத்தை இந்தக் கேள்வியோடு பார்த்தால் அதன் செறிவு புரியும். தொடக்கத்தில் காருக்குள் தயிரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். வீண் பேச்சுபோல் இருக்கும். பின் இருக்கையில் கைவிலங்கோடு ஒருவன் நடுவில் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனைப் பொருட்படுத்தாமல் பேச்சு நடக்கிறது. இந்த வேலை இவர்களுக்கு எவ்வளவு பழகிப்போய்விட்டது என்பது அந்தத் தயிர்ப் பேச்சில்தான் தெரிகிறது. இரவின் இடைவெளிகளில் அரசு வழக்கறிஞர் மருத்துவரிடம் ஒரு பெண்ணின் மரணத்தைப் பற்றிச் சொல்கிறார். தான் இறக்கப்போகும் நாளை முன்கூட்டியே சொல்லி, அதேபோல் இறந்துபோனவளாம். மருத்துவர் பணிவாக ஒரு கேள்வி கேட்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிணம் தேடும் படத்துக்குள், யாரும் அறிவிக்காமல், இன்னொரு விசாரணை ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் இதயம். திரைக்கதையில் பங்களித்த எர்ஜான் கெசால் தானே மருத்துவராக வேலை பார்த்தவர். மருத்துவரின் கேள்விகளில் இருக்கும் நிதானம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

எங்கே தொடங்கலாம்

முதலில் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ பாருங்கள். இந்த வகையில் இவ்வளவு நகைச்சுவையும் வேகமும் கொண்ட படம் குறைவு. நிதானம் என்பது சலிப்பு இல்லை என்பது அதில் உடனே தெரிந்துவிடும். அதன் கடைசி ஷாட்டைப் பற்றி முன்கூட்டியே எங்கும் படித்துவிடாதீர்கள். அடுத்து ‘ஸோடியாக்’. அதில் பெயர்களும் தேதிகளும் மழைபோல் வரும், எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முயல வேண்டாம். அந்த அதிகாரிகளுக்கும் அது முடியவில்லை. பிறகு ‘லா நுயி டு 12’. அனடோலியாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே பார்த்தால் அதன் பேச்சுகளுக்குள் நடப்பது கண்ணில் படாமல் போகலாம்.

தொடராகப் பார்க்க விரும்பினால் 2007-ல் தொடங்கிய டென்மார்க்கின் ‘ஃபோர்பிரிடெல்சென்’ இருக்கிறது. முதல் பருவத்தில் ஒரே ஒரு கொலை, இருபது அத்தியாயங்கள், ஒவ்வோர் அத்தியாயமும் விசாரணையின் ஒரு நாள். படத்தில் வெட்டிவிட நேரும் ஒன்றுக்கு, அதாவது இறந்துபோன பெண்ணின் குடும்பம் நாளுக்கு நாள் எப்படி வாழ்கிறது என்பதற்கு, அங்கே போதுமான இடம் இருக்கிறது.

முடிந்தால் ஒரே அமர்வில், கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். இந்தப் படங்களில் முக்கியமானது பெரும்பாலும் வசனத்தில் வராது. பேசாத ஆளின் முகத்தில், பின்னால் கடந்து போகும் ஒருவரிடத்தில் வரும். சப்டைட்டிலை மட்டும் படித்துக்கொண்டு போனால் அது தவறிவிடும். பிடித்த படத்தை இரண்டாம் முறை பாருங்கள். முடிவு ஏற்கெனவே தெரிந்திருப்பதால், முதல் அரை மணி நேரத்தில் எத்தனை விஷயங்களை இயக்குநர் வெளிப்படையாகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அப்போது எண்ண முடியும்.